ஆறாவது தண்டவாளம்

— எஞ்சினை ஏன் நிறுத்திட்டீங்க, தோன் நோல்பெர்த்தோ? கறுப்புப் பாறைக்கு இன்னும் இருநூறு மீட்டர் போகணும்.

— இங்கன நிறுத்தித்தான் ஆகணும், டாக்டரம்மா. கிஸ்கால் துறையில எந்தப் படகும் இந்த இடத்தை எஞ்சின் சத்தத்தோட தாண்டாது. துடுப்புப் போட்டுத்தான் போவோம். கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. ஒரு நீர்க்காக்கா கூடக் கத்தல பாத்தீங்களா?

— இந்த மூடுபனியில அது எதுக்குக் கத்தும்? மணி பதினொண்ணு ஆச்சு. சாயங்காலம் அஞ்சு மணியோட எனக்குக் குடுத்த அனுமதி முடியுது. திங்கட்கிழமை அந்தத் துறைமுகக் கம்பெனிக்காரங்க லாரி லாரியா பாறை கொண்டுவந்து இங்க கொட்டப் போறாங்க. கொட்டிட்டா, கீழ என்ன கிடந்துச்சுன்னு இனி யாருக்கும் தெரியாது.

— தெரியாட்டா போகுது. யாருக்கு என்ன நட்டம்?

— எனக்கு. எங்கப்பா கீழ இருக்காரான்னு பாக்கத்தான் மூணு நாளா உங்க படகுல ஏறி உக்காந்திருக்கேன். தெரியாத மாதிரி பேசாதீங்க.

— சரி, கோவிச்சுக்கிடாதீங்க. துடுப்பு போடுதேன். என் மணிக்கட்டுல ஒரு பட்டை சுத்தி வச்சிருக்கீங்களே, இத அவுத்துறட்டுமா? நனைஞ்சு அரிக்குது.

— அவிழ்க்கக் கூடாது. படகோட்டறவருக்கு நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ எனக்கு முன்னாடியே தெரியணும். எங்க பல்கலைக்கழகத்துல அப்படி ஒரு விதி.

— எனக்கா மயக்கம்? அறுபத்தாறு வயசாகுது, இன்னைக்கும் காத்துக்குழாயைக் கடிச்சிக்கிட்டு பதினெட்டுப் பாகம், நூறடிக்கு மேல, முங்கி எந்திரிப்பேன், பாத்துக்கிடுங்க. இந்தக் கரையில வேற எவனும் பத்துப் பாகத்துக்குக் கீழ போகமாட்டான்.

— அதையும் எழுதி வச்சிருக்கேன். இழையை இறக்கறேன், படகை ஆடாமப் பிடிங்க.

— இது என்ன, முடி மாதிரி இருக்கு. என் பேத்தி தலைமுடி இதைவிடத் தடி. இத வச்சா இரும்பைப் பிடிக்குதீங்க?

— கண்ணாடி இழை. உள்ள வெளிச்சம் ஓடிக்கிட்டே இருக்கு. மேல ஒரு உலோகப் பூச்சு. பக்கத்துல இரும்பு கிடந்தா அதோட காந்தத்துக்கு அந்தப் பூச்சு நீளும். இழையும் கூடவே நீளும். திரும்பி வர்ற வெளிச்சத்தோட நிறம் இம்மியளவு மாறும். அந்த இம்மியைத்தான் இந்தப் பெட்டி கோடா வரையுது.

— அந்தப் பச்சைக் கயித்துல வார இழை?

— அதுல வேற பூச்சு. எலும்புக்குள்ள ஒரு சத்து இருக்கு. துருவுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா அம்பது வருஷம் ஆனாலும் கொஞ்சம் கரையாம மிஞ்சும். அது தொட்டா இந்தப் பூச்சு பிடிச்சுக்கும், வெளிச்சம் மங்கும்.

— இரும்பு கிடைச்சா போதாதாக்கும்.

— போதாது. கம்பெனி வக்கீல் என்ன சொல்றாரு தெரியுமா? பழைய ரயில் சாமான் ஏதோ கப்பல்லேர்ந்து விழுந்திருக்கும்னு சொல்றாரு. ரயிலே வராத கரையில தண்டவாளம். எதிர்த்த ஆளைக் கொன்னு, தண்டவாளத் துண்டுல கம்பியால கட்டி, ஹெலிகாப்டர்ல கொண்டுவந்து கடல்ல தள்ளினாங்க, அப்ப நாட்டை ஆண்ட பட்டாளத்துக்காரங்க. இது ஊருக்கே தெரியும். ஆனா நீதிபதிக்குத் தடயம் வேணும். மனுஷ எலும்போட அடையாளம் ஒண்ணே ஒண்ணு கொண்டு வா, வேலையை நிறுத்தறேன்னு சொல்லியிருக்காரு.

— மூணு நாளா ஒண்ணும் கிடைக்கல.

— இரும்பு கிடைச்சுது. நாலு தண்டவாளம். இருங்க, பேசாதீங்க. கோடு ஏறுது. ஆமா. இது அஞ்சாவது. நேர்கோடா, ஒரு ஆள் நீளத்துக்குக் கிடக்கு. பச்சை இழையை விடுங்க. மெல்ல. இன்னும் கொஞ்சம்.

— தரை தட்டிட்டு.

— சரி. அப்படியே விடுங்க.

— என்ன சொல்லுது?

— பூஜ்யம்.

— நான்தான் சொன்னேனே. கடல் கொண்டுபோயிருக்கும் டாக்டரம்மா. மீன் தின்னுருக்கும். நண்டு தின்னுருக்கும்.

— தின்னுட்டுப் போகட்டும். துருவுக்குள்ள துளியாவது ஒட்டியிருக்கணும். அஞ்சுலயும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. கட்டின இரும்பு அப்படியே கிடக்கு, கட்டப்பட்டவங்க எழுந்து போயிட்டாங்க.

— அப்படிச் சொல்லாதீங்க. இங்கன வச்சுச் சொல்லாதீங்க.

— ஏன்?

— எங்க துறையில ஒரு பேச்சு உண்டு. அலை அடங்கின நாள்ல இந்த இடத்துல கீழ இருந்து சத்தம் வரும். டங்... டங்னு, யாரோ இரும்புல தட்டுற மாதிரி. எஞ்சின் போட்டா அவங்களுக்குக் கோவம் வரும்பாங்க. அதான் துடுப்பு. இங்க வலை போடமாட்டோம். இங்க பாறையில வளருற சிப்பிய ஒருத்தனும் எடுக்கமாட்டான். கை அகலம் இருக்கும் ஒவ்வொண்ணும், எடுக்கமாட்டான்.

— இந்தப் பேச்சு எப்ப ஆரம்பிச்சுது?

— ஆதி காலத்துலேர்ந்து.

— இல்ல. நேத்து துறையில நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். பட்டாளம் ஆண்ட காலத்துல, ஒரு பெரிய புயலுக்கு அடுத்த கோடையிலதான் முதல்ல சத்தம் கேட்டுச்சாம். முதல்ல கேட்டேன்னு சொன்ன ஆள் நீங்கதானாம்.

— எவன் சொன்னான்?

— எல்லாரும். இன்னொண்ணும் சொல்றேன். நேத்து மதியம் நீங்க சாப்பிட்டுக் கண்ணயர்ந்தப்ப, கேமராவை இறக்கினேன். தண்ணி கலங்கல்தான், ஆனா ரெண்டாவது தண்டவாளத்துல கம்பி தெரிஞ்சுது. துருப்பிடிச்சு அறுந்து போகல, தோன் நோல்பெர்த்தோ. யாரோ வெட்டியிருக்காங்க. ரெண்டு முனையும் ஒரே நேரா இருக்கு. பதினெட்டுப் பாகம். இந்தக் கரையில அவ்வளவு ஆழம் முங்கறவர் ஒருத்தர்தான்னு நீங்களே இப்பச் சொன்னீங்க.

— நான் வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்னு நினைக்குதீங்க. வயசான காலத்துல பெருமைக்கு ஒண்ணு சொன்னா அதையா பிடிப்பீங்க?

— வாயை மட்டும் நம்பி நான் வரல. உங்க மணிக்கட்டுல இருக்கறதும் அதே மாதிரி இழைதான். பூச்சு வேற. பயம் வந்தா வேர்வையில ஒரு சாறு கூடும். அதை அது தொட்டுப் பாத்துச் சொல்லும்.

— நெஞ்சு படபடப்புக்குன்னீங்க.

— பொய் சொன்னேன். மன்னிச்சுக்குங்க.

— மூணு நாளா என் உடம்பையே வேவு பாத்திருக்கீங்க. என் படகுல உக்காந்து, எங்க வீட்டு எம்பனாடாவத் தின்னுக்கிட்டு.

— ஆமா. எனக்கு அதுல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா வேற வழி தெரியல. அந்தச் சாறு உடனே ஏறாது, பத்துப் பன்னெண்டு நிமிஷம் ஆகும். அதனால ராத்திரி உக்காந்து, எந்த நேரத்துல நாம எங்க இருந்தோம்னு பின்னாடி எண்ணிப் பாத்தேன். விசித்திரம் என்னன்னா, அந்த நாலு தண்டவாளத்து மேலயும் நீங்க அமைதியா இருக்கீங்க. ஒண்ணுமே ஏறல. அந்தக் கறுப்புப் பாறைப் பக்கம் படகு ஒதுங்கினா மட்டும் ஏறுது. ரெண்டு நாளும் ஏறுச்சு. இன்னைக்கு அங்க போகணும்னு சொன்னதும் எஞ்சினை நிறுத்திட்டீங்க. அங்க என்ன இருக்கு?

— இத அவுத்துறட்டுமா முதல்ல?

— அவிழ்த்துடுங்க. இனி எனக்கு அது வேண்டாம். உங்க வாயால சொல்லுங்க.

— பத்தொம்பது வயசுல கட்டாயப் பட்டாளத்துல என்னைப் பிடிச்சுப் போட்டாங்க. அடுக்களை வேலை. உருளைக்கிழங்கு உரிக்கது. ஒருநாள் ஒரு அதிகாரி வந்து, இங்க மீனவன் மகன் எவன்டான்னு கேட்டான். கையத் தூக்கினேன். மீன் வாங்கக் கூப்பிடுதான்னு நினைச்சேன், அவ்வளவு மடையன் நான். உங்க கடல்ல வலை விழாத, ஆள் போகாத இடம் எதுன்னு கேட்டான். எதுக்குன்னு கேக்க எனக்கு வாய் வரல.

— நீங்க இந்த இடத்தைக் காட்டினீங்களா?

— அவன் கேட்டது ஆழம். வடக்க ரெண்டு மைல் போனா எண்பது பாகம் கிடக்கு, அங்க போட்டது எதுவும் திரும்பி வராது. நான் இந்தத் திட்டைக் காட்டினேன். இதுதான் அடி காணாத ஆழம்னு சொன்னேன். பதினெட்டுப் பாகம்தான். பொய். பத்தொம்பது வயசுல என்னால முடிஞ்ச தைரியம் அவ்வளவுதான் டாக்டரம்மா. அதுக்கப்புறம் வழிகாட்டணும்னு என்னையும் ஹெலிகாப்டர்ல ஏத்தினாங்க. சாக்குல சுத்தியிருந்துச்சு. தள்ளுடான்னாங்க. தள்ளினேன்.

— எத்தனை பேர்?

— ஆறு. சாக்குக்குள்ள இருந்த பாரத்தை இந்தக் கையி இன்னும் மறக்கல. வலை இழுக்கப்பவும் வரும், பிள்ளையத் தூக்கப்பவும் வரும்.

— அதுக்கப்புறம் நீங்களே முங்கி எடுத்திருக்கீங்க.

— அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. பட்டாளத்துலேர்ந்து வந்துட்டேன். அந்தப் புயல் வந்துச்சு, பாத்துக்கிடுங்க. எங்க துறையில ஒரு படகு போச்சு. அஞ்சு பேர். அதுல என் தம்பி அலீரோவும் ஒருத்தன். ஒரு உடம்பும் கரை ஒதுங்கல. எங்க வழக்கம் என்னன்னா, கடல்ல போனவனுக்கு அவன் சட்டை பேண்ட்டைப் பெட்டியில வச்சுப் புதைப்போம். கல்லு நடுவோம். ஆனா துணியைப் புதைச்சா அழுகை நிக்காது. எங்கம்மா நாலு மாசம் கரையிலயே நின்னா. பாலும் இறங்கல, ரொட்டியும் இறங்கல. மத்த நாலு பொண்டாட்டிமாரும் அப்படித்தான். ஒருத்திக்கு வயித்துல பிள்ளை.

— கடவுளே.

— இங்க ஆள் இல்லாத அஞ்சு கல்லறை. அங்க கல்லறை இல்லாத ஆளுங்க. எனக்கு வேற என்ன தோணும்? கோடை முழுக்கத் தனியாப் போனேன். துரு ஏறின கம்பிய சுத்தியலால தட்டித் தட்டித்தான் வெட்டணும். அந்தச் சத்தம் கரைக்குக் கேட்டுச்சு. அதான் கீழ இருந்து தட்டுதாங்கன்னு நானே கதை கட்டி விட்டேன். அப்பத்தான் ஒருத்தனும் பக்கத்துல வரமாட்டான். ஒவ்வொருத்தரா எடுத்து, வலையில வந்துச்சுன்னு கொண்டு போய்க் குடுத்தேன். பெட்டியைத் திறந்து, துணிக்கு மேல வச்சு மூடினாங்க.

— யாரும் சந்தேகப்படலையா?

— சந்தேகப்படணும்னு அங்க எவளுக்கு ஆசை? புதைச்ச அன்னைக்கு ராத்திரி அந்தந்த வீட்ல சமையல் நடந்துச்சு. அத மட்டும் பாத்தேன்.

— எங்கம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு, அப்பா போட்டோவை நெஞ்சுல குத்திக்கிட்டு, இருபது வருஷம் தெருவுல நின்னா. எங்கேன்னு கேட்டுக் கேட்டுத் தொண்டை போச்சு அவளுக்கு. டிவியில காட்டினாங்க. நீங்க பாத்திருப்பீங்க.

— பாத்தேன். டிவியை அணைச்சிருவேன்.

— பட்டாள ஆட்சி போய் முப்பது வருஷம் ஆச்சு. அப்பவாவது வந்து சொல்லியிருக்கலாம்ல? ஒரு கடுதாசி, பேர் போடாம ஒரு கடுதாசி எழுதியிருக்கலாம்ல?

— எழுதினேன். மூணு தரம் எழுதினேன். சொன்னா அந்த அஞ்சு கல்லறையையும் தோண்டுவாங்க. அந்த வயித்துப்பிள்ளைக்காரி மகன் இருக்கானே, அவன் தகப்பனை அங்கதான் பாத்திருக்கான். ஒவ்வொரு நவம்பர்லயும் கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்கான். அவன்கிட்டப் போய், உங்கப்பன் இன்னும் கடல்லதான் கிடக்கான், நீ கும்பிட்டது எவனோன்னு நான் எப்படிச் சொல்ல? கிழிச்சுப் போட்டேன். நான் செஞ்சது பாவம்னு தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வீடு அழும்.

— என் வீடு அழுதா பரவாயில்ல, அப்படித்தானே.

— உங்க வீட்டை அப்ப எனக்குத் தெரியாது, தாயி. தெரிஞ்ச வீட்டைப் பாத்தேன். நீங்க என்னைத் திட்டலாம். அடிக்கணும்னாலும் அடிங்க.

— அடிச்சு என்ன ஆகப்போகுது? நீங்க தள்ளினது ஆறு பேரைன்னு சொன்னீங்க. கல்லறை அஞ்சு.

— ஆமா.

— ஆறாவது ஆள்?

— காலியா இருந்தது அஞ்சு கல்லறைதான்.

— அதனால விட்டுட்டீங்க.

— விட்டுட்டேன். அந்தக் கறுப்புப் பாறைக்கு அடியில. என் கதை என்னையே திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, பாத்துக்கிடுங்க. சுத்தியலைத் தூக்கிப் போட்டு நாப்பத்தி நாலு வருஷம் ஆச்சு. ஆனா அலை அடங்கின நாள்ல இப்பவும் சத்தம் கேக்கும். நான் தட்டல. அப்ப யாரு தட்டுதா?

— அங்க போங்க.

— டாக்டரம்மா...

— துடுப்பைப் போடுங்க, தோன் நோல்பெர்த்தோ. எனக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் நேரம்.

— போறேன். பனி இன்னும் தடிச்சுக்கிட்டு வருது. பாறை தெரியல. தண்ணி சுழிக்க சத்தத்த வச்சுத்தான் போகணும். இங்கன. இதுக்கு மேல ஒட்டினா படகு முட்டும்.

— இழையை விடறேன். ஏறுது. நல்லா ஏறுது. ஒரு நிமிஷம். கோடு ஏன் இப்படித் துடிக்குது? ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஒரே சீரா இருக்கே.

— என்ன அர்த்தம்?

— கீழ கிடக்கற இரும்பு அசையுது.

— சேசுவே.

— பயப்படாதீங்க. தண்டவாளம் அடியில ஏதோ கல்லுமேல குறுக்கா கிடக்கணும். அடி அலைக்கு ஒரு முனை தூக்கி, தூக்கி விழுது. உங்களுக்குக் கேக்கற சத்தம் அதுதான்.

— நாப்பத்தி நாலு வருஷமாவா?

— நாப்பத்தி நாலு வருஷமா.

— நீங்க சொல்லுற காரணம் சரியாத்தான் இருக்கும். எனக்கு என்னமோ, மத்தவங்களக் கூட்டிட்டுப் போனியே, நான் இங்கதான் இருக்கேன்னு அவன் சொல்லுத மாதிரியே கேக்கு.

— பச்சை இழையைக் குடுங்க. நானே இறக்கறேன்.

— இந்தாங்க. மெல்ல விடுங்க.

— தொட்டுடுச்சு. இருங்க. இருங்க... மங்குது. வெளிச்சம் மங்குது, தோன் நோல்பெர்த்தோ. பாருங்க, கோடு அப்படியே இறங்குது. எலும்பு. இங்க இருக்கு. நீதிபதிக்கு இது போதும். ஒரு பாறையும் இங்க விழாது இனிமே.

— அழாதீங்க.

— அப்பா. கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிச்சிட்டீங்களே அப்பா.

— அவருதான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?

— ஆறு பேர்ல மிச்சம் இவர் ஒருத்தர்தானே. இவராத்தான் இருக்கணும்னு மனசு சொல்லுது. மேல கொண்டுவந்தா தெரிஞ்சுடும். கல்யாணத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடக் கூரையில ஓடு மாத்தும்போது விழுந்து காலை உடைச்சுக்கிட்டாரு. இடது தொடையில எஃகுத் திருகாணி வச்சுத் தச்சிருந்தாங்க. அம்மா சொல்வா, குளிர் வந்தா அந்த ஆணிதான் அவருக்கு முதல்ல சொல்லும்னு.

— இடது தொடையிலயா?

— ஆமா.

— முட்டுக்கு ஒரு சாண் மேல. ரெண்டு ஆணி. ஒண்ணு சாஞ்சு இருக்கும்.

— ...உங்களுக்கு எப்படித் தெரியும்?

— டாக்டரம்மா, படகு ஓரத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. கீழ இருக்கது உங்கப்பா இல்ல. நான் முதமுதல்ல மேல கொண்டுவந்தது அவரைத்தான். எங்கம்மாவுக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு நினைச்சேன். அலீரோ கல்லறையில வச்சேன்.

— உங்க தம்பி கல்லறையிலயா இருக்காரு எங்கப்பா?

— ஆமா. பக்கத்துல எங்கம்மா கிடக்கா.

— பாவம். கடைசி வரைக்கும் தன் பிள்ளைன்னு நம்பிக்கிட்டே போயிட்டாங்களா?

— இல்ல தாயி. அவதானே எலும்பைக் கழுவிப் பெட்டியில வச்சா. அந்த ஆணியப் பாத்தா. விரலை வச்சுத் தடவினா. அலீரோவுக்கு ஒருநாளும் கால் உடைஞ்சதில்ல. என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பாத்தா, அப்புறம் துணியைப் போத்தி விட்டுட்டுச் சொன்னா: "இவன் ஆத்தா தேடிக்கிட்டு வருவா, அதுவரைக்கும் இவன் தனியாக் கிடக்க வேண்டாம், நான் செத்தா இவன் பக்கத்துல போடு."